வெளியே ஒரு பெட்டி, உள்ளே ஒரு பெட்டி

வெளியே வெயில் எவ்வளவு என்று வெளியே போகாமலே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களின் தயவில் நடக்கிற தொழில் என்னுடையது. தாமிரபரணிக் கரையில் பங்குனியையும் சித்திரையையும் ஒரு மின்விசிறியை நம்பித் தாண்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. குளிர்ந்த ஊர்களில் இருந்து படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

வெளிச்சுவரில் சோப்புக் கட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதற்குள் வெப்பத்தை அளக்கும் சென்சாரும் இரண்டு பேட்டரியும் இருக்கும். வீட்டுக்குள் எண்களைக் காட்டுகிற இன்னொரு பெட்டி. இரண்டுக்கும் நடுவே கம்பி கிடையாது. வெளிப்பெட்டி தான் உணர்ந்ததை ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருக்கும், உள்பெட்டி அதைக் கேட்டு எண்ணாகக் காட்டும். அம்பாசமுத்திரத்தில் ரேடியோவும் டிவியும் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அதையும் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை, கெட்டுப்போனவற்றைத் திறந்து பார்த்தே படித்தேன். பழுது பார்க்கக் கொண்டுவருகிறவர்கள் குறைந்த பிறகு இந்தப் பெட்டிகளை வரவழைத்து வீடு வீடாக மாட்டத் தொடங்கினேன். இப்போது ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஏரல் வரைக்கும் எனக்கு 'வெயில் அண்ணாச்சி' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைவிட அது எனக்குப் பிடித்திருக்கிறது.

முதல் வாடிக்கையாளர்

முதல் பெட்டியை நான் யாருக்கும் விற்கவில்லை. என் மனைவி பாக்கியம் நோயில் படுத்திருந்த கோடைக்காலம் அது. சாயங்காலம் ஆனால் வெளியே வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் அவளுக்கு. ஆனால் சூடு தாங்காது. நான் அரை மணிக்கு ஒரு தரம் வாசலுக்குப் போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் அனல் இருக்கு" என்பேன். அவள் நம்ப மாட்டாள். தூக்கி உட்காரவைக்கச் சோம்பல்பட்டுச் சொல்கிறேன் என்பாள்.

அதனால் ஒரு பெட்டியை வரவழைத்து வேப்பமரத்தில் மாட்டினேன். மற்றதைக் கட்டிலுக்கு எதிரே வைத்தேன். அன்றிலிருந்து அவளே பார்த்துக்கொண்டாள். எண் இறங்க இறங்க முகம் தெளியும். நான் வீட்டு முன்பக்கக் கடையில் சால்டரிங் வேலையில் மூழ்கியிருந்தால் உள்ளே இருந்து குரல் வரும்: "ஏங்க, முப்பத்தொண்ணுக்கு எறங்கிட்டு. இனிமே ஒரு சாக்கும் சொல்ல முடியாது, நாற்காலியை எடுங்க!"

பாளையங்கோட்டை வெயில்

பாளையங்கோட்டையில் சாமுவேல் சார் என்று ஓய்வுபெற்ற ஆசிரியர். வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய பெட்டியைத் தானே மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டிவிட்டார். அது நாற்பத்தொன்பது, ஐம்பது என்று காட்டிக்கொண்டிருந்தது. சாருக்கு ஒரே சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது நண்பர்களிடம், "எங்க வீட்டுப் பக்கம் நேத்து ஐம்பது, தெரியுமா?" என்பாராம். அவர்களும் பெரிய துன்பத்தைக் கேட்டது போலத் தலையாட்டுவார்களாம். எல்லாம் அவருடைய மனைவி எனக்குச் சொன்னது. பேட்டரி மாற்றத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் பார்த்துவிட்டு, "சார், இது காத்தோட சூட்டைக் காட்டல. நேர் வெயில்ல வெந்துபோன பெட்டியோட சூட்டைத்தான் காட்டுது" என்று சொல்லி, வடக்குச் சுவரில், சன்ஷேடுக்குக் கீழே, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் மாற்றி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் எண் முப்பத்தெட்டுக்கு வந்து நின்றது. சரியான எண். என் வேலையில் எனக்குப் பெருமை இருந்தால் அது இந்த இடத்தில்தான். மாட்டுகிற இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் தொழில், ஆணி அடிப்பது அல்ல. ஆனால் சாருடைய முகம் வாடிவிட்டது. வாசல் வரை வந்து வழியனுப்பும்போது மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, ஒரே ஒரு ஆணியில பாளையங்கோட்டை வெயிலையே கொறைச்சுப்போட்டியளே!"

செல்வியின் கொட்டகை

ஆழ்வார்குறிச்சியில் செல்வி வீட்டுக்குப் பின்னால் தென்னங்கீற்றுக் கொட்டகை போட்டுச் சிப்பிக் காளான் வளர்க்கிறாள். அவித்த வைக்கோலை விதையோடு பாலிதீன் பைகளில் அடைத்து, உறி போலக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பாள். காளானுக்குச் சூடு ஆகாது. கொட்டகைக்குள் முப்பதைத் தாண்டினால் தரையில் பரப்பிய மணலையும் சுற்றிலும் தொங்குகிற சாக்கையும் நனைத்தே ஆக வேண்டும். முந்தின வருஷக் கோடையில் அடுப்படி வேலையில் கவனம் போய், மொட்டு விட்ட காளான் முழுவதும் கருகிவிட்டது.

அவளுடைய கொழுந்தன் முருகன் வளைகுடா நாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்து ஒரு கார் வாங்கியிருந்தான். கொட்டகை நிற்கிற இடம்தான் கார் நிறுத்தத் தோதானது என்று அவனுக்கு எண்ணம். இந்தக் கோடையிலும் காளான் கருகினால் கொட்டகையைப் பிரித்துவிடுவது என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். செல்வியும் வேறு வழி இல்லாமல் ஒத்துக்கொண்டாள். பிறகு எனக்குப் போன் செய்தாள்.

வெளிப்பெட்டியைக் கொட்டகைக்குள் பைகளின் உயரத்துக்கு ஓர் ஆணியில் தொங்கவிட்டேன். உள்பெட்டியை அடுப்படி அலமாரியில் வைத்து, முப்பதைத் தொட்டால் கத்தும்படி செய்து கொடுத்தேன். "கம்பியே இல்லையா, அண்ணாச்சி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "கம்பியே வேண்டாம் தாயி. வீட்டுக்குள்ள எங்கே வேணும்னாலும் வச்சுக்கோ, கொட்டகை வெயில் உன்னைத் தேடி வந்துரும்" என்றேன். எனக்கே அந்த வாக்கியம் பிடித்திருந்தது. முருகன் கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் சொன்னான்: "வெயில் எம்புட்டுன்னு பொட்டி சொல்லிரும், சரி. வெயிலை நிறுத்துமாவே அது?"

முற்றத்தில் பனி

கல்லிடைக்குறிச்சியில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் மாட்டிவிட்டு வந்த மூன்றாவது வாரம் அந்த அம்மாள் பதறிப்போய்க் கூப்பிட்டாள். "முற்றத்துல நாலு டிகிரின்னு காட்டுது. கம்பளி எடுக்கணுமா?" நல்ல பங்குனி மத்தியானம் அது. நான் போய்ப் பார்த்தபோது பதினைந்து காட்டியது. உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்குள் பத்து.

பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. சந்தேகப்பட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர்களும் இதே மாதிரிப் பெட்டி வாங்கியிருந்தார்கள். பெட்டிகள் பேசிக்கொள்கிற அலைவரிசைக்கு ஒரு சானல் எண் உண்டு, இரண்டு வீட்டிலும் அது ஒன்றாகவே இருந்தது. அந்த வீட்டம்மாள் ஃப்ரிட்ஜ் சரியாகக் குளிர்கிறதா என்று பார்க்க வெளிப்பெட்டியைத் தயிருக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் இந்த வீட்டு முற்றத்தில் காலநிலை மாறியிருக்கிறது. சானலை மாற்றிவிட்டேன். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் விஷயம் தெரிந்ததும் தயிர் வீட்டம்மாள் என்னைத்தான் பிடித்துக்கொண்டாள்: "எங்க வீட்டு ஃப்ரிட்ஜை நாங்க எத்தனை தரம் தெறக்கோம்னு அவளுக்குத் தெரிஞ்சாகணும். அதுக்கு நீங்க மிசினு வேற வச்சுக் குடுத்தீங்களாக்கும்?"

குளவி குடியேறிய வீடு

ஏரலில் ஒரு வியாபாரி வீடு. எண் அசையவே இல்லை என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் வெளிப்பெட்டியின் காற்றுத் துளைகள் மேல் குளவி மண்கூடு கட்டியிருந்தது. காற்று போக வழியில்லை, அதனால் எண் மந்தமாகிவிட்டது. பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். உள்ளே இருந்து அந்த வீட்டம்மாள் ஓடிவந்து என் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தாள். "ஐயோ, தொட்டுராதீங்க!"

வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கப் போகிறது என்று நம் பக்கத்தில் நம்பிக்கை. மருமகள் கல்யாணமாகி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். மாமியார் சிரிக்கவில்லை. நான் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி வேறொரு வெளிப்பெட்டியை மாட்டி, பழையதைக் குளவிக்கே விட்டுவிட்டேன். "அதை எப்போ எடுக்கட்டும்?" என்று கேட்டதற்கு அந்த அம்மாள் யோசிக்காமல் பதில் சொன்னாள்: "பேரப்பிள்ளையைத் தொட்டில்ல போட்ட பொறவு வாங்க, அண்ணாச்சி. அதுவரைக்கும் அது பிரசவ ஆசுபத்திரி."

விசு அன்று

செல்வியின் கோடை நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. பெட்டி கத்தும், அவள் தோசைக்கரண்டியோடு ஓடுவாள், சாக்கை நனைப்பாள். பங்குனி முழுவதும் ஒரு பை கூடக் கருகவில்லை. சித்திரை பிறந்ததும் வருகிற ஒரு கல்யாணத்துக்கு அம்பாசமுத்திரத்துச் சமையல்காரர் காளான் கேட்டிருந்தார். அதைக் கொடுத்துவிட்டால் கொட்டகையைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது. சித்திரை விசுவுக்கு, அதாவது வருஷப் பிறப்புக்கு, என்னைச் சாப்பிட அழைத்திருந்தாள். தனியாக இருக்கிறவனை விசேஷ நாளில் மறக்காத வீடுகள் எனக்குச் சில உண்டு, அதில் இது ஒன்று.

இலையில் உட்காருமுன் வழக்கம் போல அடுப்படிப் பெட்டியைப் பார்த்தேன். இருபத்தொன்பது. உச்சி வெயிலில் இருபத்தொன்பது! எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பக்கத்து இலையில் இருந்த முருகனிடம், "தம்பி, வெயிலை நிறுத்துமான்னு கேட்டியே, பாத்துக்கோ" என்றேன். "இன்னைக்கு விடிஞ்சதுல இருந்து ஒரு தரம்கூடக் கத்தல, அண்ணாச்சி" என்றாள் செல்வி, அவியலைப் பரிமாறிக்கொண்டே. அவளுக்கும் முகமெல்லாம் பெருமை. முருகன் சாப்பிட்டு எழுந்து, கை கழுவப் பின்பக்கம் போனான். அங்கே போகும்போதெல்லாம் கொட்டகையை ஒரு பார்வை பார்த்து, கார் திரும்ப இடம் இருக்குமா என்று காலால் அளப்பது அவன் பழக்கம்.

போனவன் போன வேகத்தில் திரும்பி வந்தான். கை ஈரம்கூடக் காயவில்லை. "மதினி, கொட்டகைக்குள்ள அனலா அடிக்கி. சாக்கெல்லாம் முறுக்கா காஞ்சு கெடக்கு. பொட்டி இருபத்தொம்பதுங்கு?"

செல்வி கரண்டியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எச்சில் கையோடு கொட்டகைக்கு ஓடினேன். ஆணி இருந்தது. பெட்டி இல்லை. "பெட்டி எங்கே தாயி?" என்று கத்தினேன். அவள் திகைத்துப்போய்ப் பூசை அறையைக் காட்டினாள்.

எங்கள் பக்கத்தில் விசுவுக்கு முந்தின ராத்திரி கனி வைப்போம். கண்ணாடி, பழங்கள், நகை, பணம், வீட்டுக்குச் சோறு போடுகிற பொருள், எல்லாவற்றையும் பூசை அறையில் அடுக்கி, விடிந்ததும் கண் விழிக்கிறபோது அதில்தான் விழிக்க வேண்டும். செல்வியின் கனியில் மாம்பழத்துக்கும் கொன்றைப் பூவுக்கும் நடுவே, சந்தனமும் குங்குமமும் வைத்து, வெளிப்பெட்டி உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் விளக்கு வைக்கும் வரை கனியைக் கலைக்கக் கூடாது என்பதால் காலையில் எடுக்கவும் இல்லை. வீட்டின் நடுவில், வெயில் எட்டிப் பார்க்காத பூசை அறையின் குளுமையைத்தான் அது விடிந்ததிலிருந்து உண்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"கம்பிதான் இல்லையே, எங்கன இருந்தாலும் கொட்டகை வெயிலை எடுத்துக்கிடும்னு நெனச்சேன்" என்று அழ ஆரம்பித்தாள். எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று நான் சொன்னது எந்தப் பெட்டியை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? விளக்குவதற்கு அது நேரம் இல்லை. திரும்பிப் பார்த்தால் முருகன் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தான். குடம் குடமாகக் கொண்டுவந்து மணலில் ஊற்றினான், சாக்கில் அடித்தான், கூரை மேல் வீசினான். நானும் ஒரு வாளியை எடுத்தேன். செல்வி ஒவ்வொரு பையாகப் பனி போலத் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனாள். வெளிப்பெட்டியைத் திரும்ப ஆணியில் மாட்டி, உள்பெட்டியை அடுப்படியிலிருந்து எடுத்து வந்து பார்த்தபோது, அது கத்திக்கொண்டே முப்பத்தைந்து காட்டியது. மூன்று பேரும் நனைந்துபோய் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். முப்பத்துநாலு. முப்பத்துமூன்று. முப்பதுக்குக் கீழே இறங்குகிறவரை யாரும் பாயசத்தை நினைக்கவில்லை.

மேற்குச் சுவரை ஒட்டியிருந்த வரிசையில் மொட்டுகள் பழுப்பேறிவிட்டன. மற்ற எல்லாம் தப்பித்தன. முருகன் ஒரு மணி நேரம் சும்மா இருந்திருந்தாலே போதும், கொட்டகை இடம் அவனுக்கு வந்திருக்கும். அதை அவனிடம் கேட்டேவிட்டேன். ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே என்னை முறைத்தான்: "கொட்டகையைப் பிரிக்கணும்னுதான் சொன்னேன் அண்ணாச்சி, காளானைச் சாகவிடணும்னா சொன்னேன்? பச்சப்பிள்ளை மாதிரில்லா மொளைச்சு நிக்கி!"

இரண்டாவது பெட்டி

கல்யாணத்துக்குக் காளான் போனது. சமையல்காரர் அடுத்த முகூர்த்தத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார். முருகனுடைய கார் இப்போது தெருவில் புங்கமரத்தடியில் நிற்கிறது. மேலே காக்கை எச்சம் விழுகிறது என்று தினமும் திட்டுகிறான், ஆனால் கொட்டகைப் பேச்சை எடுப்பதில்லை. செல்வி இல்லாத நேரத்தில் பெட்டி கத்தினால் சாக்கு நனைப்பது அவன்தான் என்று கேள்வி.

சில நாள் கழித்துப் போனபோது செல்வியிடம் பொறுமையாக விளக்கினேன். வெளிப்பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கே உள்ள சூட்டைத்தான் சொல்லும், உள்பெட்டி அதைத் திருப்பிச் சொல்லும், அதனால் ஆணியை விட்டு எடுக்கவே கூடாது என்றேன். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, கனியில் அதை வைத்தது தப்பில்லை என்றாள். போன வருஷம் போனதை இந்த வருஷம் மீட்டுக் கொடுத்தது எதுவோ அதில்தானே கண் விழிக்க வேண்டும்? நான் மாட்டிய எத்தனையோ பெட்டிகளில் மாம்பழத்துக்கும் கொன்றைப் பூவுக்கும் நடுவே உட்காரவைத்து ஒருத்தி கும்பிட்டது அது ஒன்றைத்தான். உள்ளதைச் சொன்னால் அந்தத் தப்பில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

அடுத்த விசுவுக்கு முந்தின நாள், பாக்கியம் போன பிறகும் எங்கள் வீட்டு வேப்பமரத்திலேயே இருந்த பெட்டியைக் கழற்றித் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். "இது கனிக்கு. கொட்டகையில இருக்கிறதைத் தொடாதே" என்று கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அதன் பழைய மஞ்சளேறிய மூடியைப் பார்த்தாள். யாருடையது என்று கேட்டாள். சொன்னேன். பாக்கியத்துக்காக நான் மாட்டிய முதல் பெட்டி அது. அவள் பூசை அறையில் அதற்கு இடம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்போ நாளைக்கு விடியக்காலைலயே வந்துருங்க, அண்ணாச்சி. மதினி முகத்துல நீங்களும் முழிச்சாப்புல இருக்கும்."

வெயிலை அளக்கத்தான் வீடு வீடாகப் போகிறேன், ஆனால் ஆழ்வார்குறிச்சியிலிருந்து திரும்பும் நாளெல்லாம் பையில் ஸ்க்ரூடிரைவருக்கு மேல் ஒரு பொட்டலம் காளானும் வந்துவிடுவதால், ரேடியோவைப் போலவே அதையும் யாரிடமும் கேட்காமல் நாலைந்து தரம் கெடுத்துப் பார்த்துச் சமைக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன்.